கும்மிடிப்பூண்டியில் காணாமல் போன வகுப்பு

ஆசிரியர் பயிற்சியைச் சீர்திருத்தும் வேலைக்காக நான்கு நாடுகளில் இருந்திருக்கிறேன். அதெல்லாம் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால், கும்மிடிப்பூண்டியில் என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். போன மாதம் திருவள்ளூரில் இளம் விரிவுரையாளர்கள் கூட்டத்திலும் சிரித்தார்கள். ஆசிரியர் படிப்பை மறுபடியும் மாற்றப்போகிறார்களாம். என் கருத்தைக் கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். "மேடம், லண்டன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சோம்" என்றாள் முன்வரிசையில் இருந்த பெண். கருத்தை ஓரம் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று சொன்னதை இங்கே நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் எவ்வளவு தூரம் நிற்குமோ தெரியாது. இந்த விஷயத்தைத் தொட்டால் எனக்கு இன்றும் குரல் உயர்ந்துவிடுகிறது.

திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம் எங்களுடையது. ரயிலில் போய்வந்து சென்னையில் பி.ஏ. படித்தேன், பிறகு அந்தக் காலத்து ஆசிரியர் பட்டமான பி.டி. அறுபதுகளின் தொடக்கத்தில் பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உதவியாசிரியையாகச் சேர்ந்தேன். பள்ளியிறுதி முடித்த பெண்கள் இரண்டு வருடம் எங்களிடம் பயின்று ஆசிரியைகளாகப் போவார்கள். அவர்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

எப்படிக் கற்றுக்கொடுத்தோம் என்பதைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பயிற்சி மாணவியும் பாடக்குறிப்பு எழுதவேண்டும். நோட்டுப் பக்கத்தில் ஐந்து பத்தி கோடு போடுவாள். நோக்கம், பாடப்பொருள், ஆசிரியர் செயல், மாணவர் செயல், கரும்பலகைச் சுருக்கம். இதில் 'மாணவர் செயல்' என்ற பத்தியையும் முதல் நாளே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிடவேண்டும். 'மாணவர் ஆர்வத்துடன் கவனிப்பர்.' 'மாணவர் சரியான விடை கூறுவர்.' நாளைக்கு ஐம்பது குழந்தைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை இன்றைக்கே எழுதி, அதற்குச் சிவப்பு மையில் நான் கையெழுத்தும் போட்டுக்கொண்டிருந்தேன்! பல வருடம் அது எனக்கு வேடிக்கையாகப் படவே இல்லை.

கடைசியில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவரும் நானும் வகுப்பின் பின்வரிசையில் உட்காருவோம். குரல், கரும்பலகைக் கையெழுத்து, துணைக்கருவி, கேள்வி கேட்கும் முறை, வகுப்புக் கட்டுப்பாடு என்று படிவத்தில் ஐந்து கட்டங்கள். ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு இருவரும் கையெழுத்திடுவோம். குழந்தைகளுக்குப் புரிந்ததா என்பதற்குக் கட்டமே கிடையாது.

இந்த நிலையில்தான் கமலவல்லி அம்மாள் எங்களுக்குத் தலைமையாசிரியையாக வந்தார். ஒல்லியான, குள்ளமான பெண்மணி. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம். மேடையில் ஏறினால் அச்சடித்த மாதிரி தமிழ் வரும். சந்தோஷமோ கோபமோ வந்துவிட்டால் அவர் பிறந்து வளர்ந்த வண்ணாரப்பேட்டை தானாக நாக்கில் ஏறிக்கொள்ளும்.

முதல் வாரமே நான் மேற்பார்வை செய்யும் வகுப்புக்கு வந்தார். எழுந்து என் பக்கத்தில் இடம் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், கரும்பலகைக்குப் பக்கத்தில் போட்டு, பாடம் எடுக்கும் பெண்ணுக்கு முதுகைக் காட்டி, குழந்தைகளைப் பார்த்து உட்கார்ந்தார். நாற்பது நிமிடமும் ஆசிரியையைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வியர்த்துவிட்டது. எனக்கும்தான்.

வகுப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் கேட்டார். "விசாலம், மூணாவது வரிசைல செவப்பு ரிப்பன் கட்ன பொண்ணு எப்போ பென்சிலக் கீழ வெச்சா?"

"கவனிக்கலம்மா."

"பத்து நாப்பதுக்கு. அப்புறம் அவ எடுக்கவேயில்ல. பத்து நாப்பதுக்கு நம்ம பொண்ணு போர்டுல இன்னா எழுதினா, சொல்லு."

என் குறிப்பைப் புரட்டினேன். பின்னக் கழித்தலின் விதியை எழுதியிருந்தாள். கையெழுத்து அழகு என்று நான் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன்.

"அங்கயே வகுப்பு முடிஞ்சி போச்சு. மிச்ச நேரமெல்லாம் அவ செவுத்துக்குப் பாடம் நடத்திக்கினு இருந்தா. நீயும் மார்க் போட்டுக்கினு இருந்த."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதுபோலக் கண் பளபளக்கச் சொன்னார். அன்று ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கு உட்காரவே முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் நான் பார்த்தது பாதி வகுப்பைத்தான்!

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு நோட்டு. ஒன்று அலுவலகத்துக்கு, ஐந்து பத்தியோடு. இன்னொன்று எங்களுக்கு. அதில் வலது பக்கம் காலியாக இருக்கும். வகுப்பு முடிந்த பிறகு குழந்தைகள் உண்மையில் என்ன செய்தார்கள், எந்த இடத்தில் கவனம் போனது, என்ன தப்பு செய்தார்கள் என்று அதில் எழுதவேண்டும். சில வருடம் இப்படியே ஓடியது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் சுப்பம்மா எங்களிடம் வந்தாள். ஆரம்பாக்கத்துப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தெலுங்கு. அவள் தமிழ் அங்கங்கே தடுக்கும். கரும்பலகையில் எழுத்து வலது பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். அவள் தகப்பனார் குத்தகைக்குப் பயிரிட்ட நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. "எங்க நைனா இப்ப கூலிக்குப் போறாரு டீச்சர். நான் பாஸ் பண்ணாத்தான் ஊட்ல எல்லாரும் நிமிர முடியும்" என்று சேர்ந்த அன்றே சொன்னாள். குழந்தைகளோடு இருக்கும்போது மட்டும் அவளுக்குத் தமிழ் தடுக்காது.

செய்முறைத் தேர்வுக்கு அவளுக்குக் கிடைத்தது கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு. பாடம், சுற்றளவும் பரப்பளவும். பள்ளிக்கு எதிரே தொழிற்சாலைக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தேர்வுக்கு முதல் நாள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், சுத்தளவையும் பரப்பளவையும் பசங்க கலக்கிக்கினே இருக்குதுங்க. எத்தினி வாட்டி போர்டுல போட்டாலும் ஏறல. எதிர்ல கம்பெனி கட்றாங்க இல்ல, அங்க இட்டுக்கினு போய் கயிறு வெச்சி அளக்க உடட்டா?"

"தேர்வு பதினோரு மணிக்கு. ஒன்பதரைக்குப் போய்விட்டுப் பத்தரைக்குள் வகுப்பில் இருக்கவேண்டும்" என்றேன். அனுமதி கொடுத்தது நான். அதை யார் கேட்டபோதும் மறைத்ததில்லை.

மறுநாள் வந்த வெளித்தேர்வாளர் பெயர் தணிகாசலம். கறாரானவர், ஆனால் நேர்மையானவர் என்று பெயர். சரியாகப் பதினோரு மணிக்கு அவரும் நானும் வகுப்புக்குள் நுழைந்தோம். உள்ளே ஒரு குழந்தையும் இல்லை. பலகைகளில் பைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் பார்க்கலாம்" என்று பின்வரிசையில் உட்கார்ந்தார். "இதோ கூட்டி வந்துவிடுகிறேன் சார்" என்று நான் வெளியே ஓடினேன். முப்பது வயதைத் தாண்டியவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செங்கல் குவியல்களுக்கு நடுவே ஓடினேன்.

அங்கே கண்ட காட்சியை எப்படிச் சொல்வேன்! முழங்கால் உயரம் எழும்பிய சுவர். அதன் மேலும், உள்ளேயும், வெளியேயும் குழந்தைகள். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றின் ஒரு நுனியைக் கட்டடத்து மேஸ்திரியே பிடித்துக்கொண்டிருந்தார். "பசங்க விழுந்தா யாரு ஜவாப்புன்னு வெரட்டத்தான்மா வந்தேன். இப்ப என்னையே புடிக்க வெச்சிட்டாங்க" என்றார் என்னைப் பார்த்து. நடுவில் பெரிய சண்டை. ஒரு கட்சி ஒரு கணக்குச் சொல்கிறது, இன்னொரு கட்சி வேறு கணக்குச் சொல்கிறது. இரண்டு கட்சியும் சரியாகவே அளந்திருக்கின்றன. எப்படி வேறு வேறு விடை வரும்? சுப்பம்மா விடையைச் சொல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தாள். தேர்வையே மறந்துவிட்டாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

நான் கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா? ஒரு குழந்தை முகமும் சும்மா இல்லை. அத்தனை பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இதற்காக என்னிடம் விளக்கம் கேட்டபோது, அந்த நிமிடத்துக்கு மட்டும் எனக்கு விளக்கம் எழுதத் தெரியவில்லை.

எல்லோரையும் ஓட்டிக்கொண்டு திரும்பியபோது தணிகாசலம் அடுத்த பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்தார். மேசையில் படிவம் இருந்தது. 'வகுப்பு நடைபெறவில்லை.' ஐந்து கட்டத்திலும் பூஜ்யம். கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம். சுப்பம்மா அதைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் தப்புதான் டீச்சர். டைம் பாக்கல. நீங்க கையெழுத்துப் போடுங்க, உங்களுக்கு பேஜாரு வேணாம்" என்றாள்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்கு ரயில் ஏறினேன். கமலவல்லி அம்மாள் முழுவதையும் கேட்டார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இல்லம்மா."

"போடாத. பசங்க சண்ட எதுல முடிஞ்சிது? அதச் சொல்லு மொதல்ல."

நான்கு நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அலுவலக அனுமதியின்றித் தேர்வு வகுப்பை வெளியே அனுப்பியதற்கும், படிவத்தில் கையெழுத்திட மறுத்ததற்கும் விளக்கம் தரவேண்டும். பள்ளியின் அங்கீகாரமே கேள்விக்குள்ளாகும் என்று கடைசி வரி. இருவரும் சென்னை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே அதிகாரி ஒருவரும் தணிகாசலமும் இருந்தார்கள்.

தணிகாசலம் சத்தம் போடவில்லை. "அம்மா, எனக்கு அந்தப் பெண் மேல் ஒரு விரோதமும் இல்லை. வகுப்பறையில் ஆசிரியையைப் பார்த்து மதிப்பெண் போடு என்பது விதி. வகுப்பறையில் ஆசிரியை இல்லை. நான் வேறு என்ன எழுதமுடியும்?"

"நீங்க எழுதினது சரிதான்" என்றார் கமலவல்லி அம்மாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கறேன். வாத்தியாருக்கு மார்க் போட்டாச்சு. அந்தப் பசங்களுக்கு இன்னா தெரியும்னு யாரும் இன்னும் கேக்கல. நீங்களே வந்து கேளுங்க. கேள்வி உங்களுது. நாங்க வகுப்புக்குள்ளயே வரமாட்டோம். தெரியலன்னா விசாலம் அங்கயே கையெழுத்துப் போடுவா. நானும் ராஜிநாமா எழுதிக் கையோட குடுத்துர்றேன்."

ராஜிநாமா என்ற சொல்லைக் கேட்டு அதிகாரி நிமிர்ந்தார். தணிகாசலம், "வந்து கேட்கிறேன்" என்றார்.

வந்தார். கமலவல்லி அம்மாளும் நானும் சுப்பம்மாவும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். அவர் கரும்பலகையில் நீள்சதுரம் ஒன்றை வரைந்து, ஒரு பக்கம் பன்னிரண்டு மீட்டர், இன்னொரு பக்கம் எட்டு மீட்டர் என்று எழுதி, "இது ஒரு கட்டடம். இதன் பரப்பளவு என்ன?" என்றார்.

குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுப்பம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு நாகம்மா என்ற பெண் எழுந்தாள். கூலி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண்.

"சார், உள்ளாற அளக்கணுமா, வெளிய அளக்கணுமா?"

"என்னம்மா கேட்கிறாய்?"

"செவுத்துக்குக் கனம் இருக்குது இல்ல சார். வெளிய அளந்தா ஒண்ணு வரும், உள்ள அளந்தா கம்மியா வரும். அன்னிக்கு நாங்க அதுக்குத்தான் சண்ட போட்டுக்கினோம். தரைக்கு சிமிட்டி போடறதுன்னா உள் கணக்கு. எடம் எத்தினி புடிக்கும்னா வெளிக் கணக்கு. நீங்க எதுக்குக் கேக்குறீங்க?"

பின்னாலிருந்து இன்னொரு குரல், "வேலி போடறதுன்னா இது ரெண்டுமே இல்ல சார், சுத்தளவு!" என்றது. உடனே ஏழெட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள்.

தணிகாசலம் சாக்பீஸைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தைகளோடு ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். கமலவல்லி அம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா" என்று என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தவர் யாரும் எதிர்பாராததைச் செய்தார். அவர் நல்ல மதிப்பெண் போட்டிருந்த வேறொரு பள்ளிக்கு அதே வாரம் தானாகவே போனார். அங்கேயும் அதே கேள்வி. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'நீளம் பெருக்கல் அகலம்' என்று ஒப்பித்து விடை சொன்னது. இந்தக் கட்டடத்துக்கு வேலி போட்டால், தரை போட்டால் என்று மாற்றிக் கேட்டதும் ஒருவருக்கும் தெரியவில்லை. இதை எங்களிடம் வந்து சொன்னதும் அவரேதான். "இருபது வருஷமா நான் வாத்தியாரையே பாத்துக்கினு இருந்துட்டேன்மா" என்றார். கறாரான மனிதர் முதல்முறையாகப் பேச்சுத் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன்.

போட்ட பூஜ்யத்தை அவர் அடிக்கவில்லை. விதி இடம் கொடுக்காது. மறுதேர்வு வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அதோடு மதிப்பெண் படிவத்தின் அடியில் கையால் கோடு இழுத்து ஆறாவது கட்டம் ஒன்றை வரைந்து, 'மாணவர் கற்றது' என்று எழுதி அனுப்பினார். சுப்பம்மா மறுதேர்வில் தேறினாள். கரும்பலகைக் கையெழுத்துக்கு மட்டும் தணிகாசலம் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார். அவர் அப்படித்தான். எங்கள் மெமோக்களைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை. அடுத்த வருடம் ஆரம்பாக்கத்துப் பக்கமே சுப்பம்மாவுக்கு வேலை கிடைத்தது.

அந்த ஆறாவது கட்டத்தைச் சோதனையாக நடத்திப் பார்க்க எங்கள் பள்ளிக்கு அனுமதி வருவதற்கு மேலும் சில வருடங்கள் ஆயின. அதற்குள் அறிக்கை எப்படியோ பல கைகள் மாறிவிட்டது. வெளிநாட்டுக் கல்வியாளர்கள் குழு ஒன்று பொன்னேரிக்கு வந்து இரண்டு நாள் எங்கள் வகுப்புகளைப் பார்த்தது. கொஞ்ச நாளில் கமலவல்லி அம்மாளுக்கு ஒரு கடிதம். ஜாம்பியாவில் ஆசிரியர் கல்லூரிகளை மாற்றியமைக்கிறார்கள். மூன்று வருடம் வந்திருந்து உதவமுடியுமா என்று. படித்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"நீ போ."

"உங்களைத்தானம்மா கூப்பிட்டிருக்காங்க!"

"புது விதில மொத பரீட்ச இந்த வருஷம். முப்பத்தாறு பொண்ணுங்க எழுதப்போவுது. நான் இல்லன்னா பழையபடி பண்ணிடுவாங்க. இங்க நான் இருக்கணும், அங்க யாராச்சும் இருக்கணும். போய்ட்டு வா."

மின்வாரியத்தில் வேலை பார்த்த என் கணவர் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்க சாம்பார்ப் பொடி கெடைக்குமா?" இரண்டு டப்பா நிறைய அவரே அரைத்து வந்தார்.

தாமிரச் சுரங்கங்கள் இருந்த ஒரு நகரத்தில் கல்லூரி. முதல்வர் முசோண்டா, கனத்த குரலும் மெதுவான நடையும் உள்ளவர். ஆசிரியர்கள் நல்லவர்கள், ஆனால் தயங்கினார்கள். குழந்தைகள் கற்றதைப் பார்த்து மதிப்பெண் போட்டால் தேர்ச்சி குறைந்துவிடும், அமைச்சகம் எங்களைத்தான் கேட்கும் என்றார்கள். நியாயமான பயம். நான்கு மாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பேச்சு. என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊரிலேயே அந்தத் தேர்வு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை கூட்டத்துக்குப் போகும் வழியில் கமலவல்லி அம்மாளின் கடிதம் வந்தது. நடந்துகொண்டே பிரித்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். பிறகு ஏறக்குறைய ஓடினேன். கூட்டத்துக்குள் நுழைந்ததும் உட்காராமலேயே, "என் ஊரிலிருந்து தேர்வு முடிவு வந்திருக்கிறது" என்று ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

'விசாலம், ரிசல்ட் வந்துடுச்சி. முப்பத்தாறுல பதினோரு பேர் ஃபெயில். போன வருஷம் ஒருத்தர்கூட இல்ல. இன்னாம்மா இப்படி ஆயிடுச்சின்னு ஆபீஸ்ல கேட்டாங்க. போன வருஷமும் இத்தினி பேர் ஃபெயில்தான் சார், அது நமக்குத் தெரியல, பசங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்திச்சின்னு சொன்னேன். இப்ப எந்தப் பதினோரு பேருன்னு கைல லிஸ்ட் இருக்குது. நாளைலேர்ந்து அவங்களோட ஒக்காரப் போறேன். சுப்பம்மாவ ஒத்தாசைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கு இத்தினி சந்தோஷமா எந்த ரிசல்ட்டும் வந்ததில்ல.'

முசோண்டா, "நடுவில் உள்ள அந்த ஒரு வரியை இன்னொரு முறை படியுங்கள்" என்றார். படித்தேன். யாருக்குத் தெரியவில்லை, யாருக்குத் தெரிந்திருந்தது என்ற வரி. மூத்த ஆசிரியர் ஒருவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார். அது அறை முழுவதும் பரவியது.

முசோண்டா சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

"சரி. நம்முடைய பதினோரு பேர் யார் என்று எந்த மாதம் கண்டுபிடிக்கலாம்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.